கூடச் சென்றவர்

என்னங்க,

உங்கள் அண்ணன் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இந்தக் கடிதத்தை நம் மகளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நம் இளைஞர் மையத்துக்குக் களப்பயிற்சிக்கு வந்த அந்தக் கல்லூரிப் பெண் இன்னும் கண் திறக்கவில்லை. மையத்துக்கு வரும் ஒரு பையனின் வீட்டில் விசாரிக்கப் போனவளை, குடித்திருந்த அவனுடைய தகப்பன் மாடிப்படியில் தள்ளிவிட்டு இன்றோடு ஆறு நாள். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட யாரு போனாங்கக்கா?" என்று கேட்டாள்.

மாணவர்களைத் தனியாக அனுப்புவதில்லை என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தவர் நீங்கள். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே எழுதக் கற்ற என் கையெழுத்து அழகு என்று பயிற்சிப் பதிவேட்டை என்னிடம் தந்தவரும் நீங்கள். "அந்தச் செவ்வாய்க்கிழமைல கூடப் போனதா என் பேரையும் சேர்த்து எழுதிடு. இல்லன்னா மையத்தையே மூடிடுவாங்க" என்று நேற்று போனில் சொன்னீர்கள். இரண்டு வேளை பிரார்த்தனையில் உட்கார்ந்து பார்த்தேன்; அப்படி எழுத மனசு ஒப்பவில்லை.

அன்று மதியம் நீங்கள் என் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். "பொண்ணு தனியாவா போறா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தெரு தள்ளித்தானே, புலியா புடிச்சுத் தின்னுடும்?" என்றீர்கள். நானும் சிரித்துவிட்டேன்.

'கூடச் சென்றவர்' கட்டத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதிவிட்டேன். அவள் தனியாகப் போவது தெரிந்தும் நாம் இருவரும் வீட்டில் இருந்ததைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உங்களுக்கும் இடம் விட்டிருக்கிறேன். நாளை பத்து மணிக்குக் கல்லூரியிலிருந்து வருகிறார்கள். அதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி