பால்மா ரின்னில் ஒரு கோடு

நவம்பர் 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. டோஹா ஆஸ்பத்திரியில் எனக்குத் தாதி வேலை கிடைத்திருக்கிறது. 29ஆம் திகதி பயணம். அதற்குள் ஏழு மாத மகளைப் போத்தல் பாலுக்குப் பழக்க வேண்டும். இன்றும் துப்பினாள். நான் போன பிறகு பார்க்கப் போவது நஸ்ரினா மச்சி, கணவரின் அக்கா, பக்கத்து வீடு. இப்போதும் இங்கே ஆஸ்பத்திரியில் என் டியூட்டி நேரத்தில் அவரிடம்தான்.
வாங்க: போத்தல் வாய்க்குச் சூப்பி 2, போத்தல் பிரஷ், பெட்டிக்குப் பூட்டு.

நவ. 6, வியாழன்
மச்சி: "இண்டைக்கு நாலு போத்தல் குடிச்சிட்டா. ஒரு சத்தமில்ல."
என்னிடம் துப்புகிறவள் அவரிடம் மட்டும் குடிக்கிறாளா? நம்பவில்லை. வார்ட்டில் பால் கட்டி மார்பில் வலி. பஞ்சு வைத்தும் சட்டை நனைந்தது.

நவ. 7, வெள்ளி
பால்மாவை மட்டப்படுத்தி, தகர ரின்னின் உள்ளே அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு மச்சியிடம் கொடுத்தேன். வெட்கம்தான். போட்டேன்.

நவ. 8, சனி
இரண்டு நாளில் ஏழு போத்தலாம். மா கோட்டை விட்டு இறங்கவேயில்லை. அப்போ என்ன குடிக்கிறாள்? கஞ்சித் தண்ணீரா? சீனித் தண்ணீரா? பிஸ்கட் கரைத்த, பால் விடாத பிளேன்ரீயா?
துறைமுக வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "நீ பொலிஸுக்குப் போயிருக்கோணும்."
அவருடைய அக்கா அல்லவா. வேறு என்ன சொல்வார்.

நவ. 10, திங்கள்
அரை நாள் லீவு. சொல்லாமல் போனேன். ஓட்டோவைச் சந்தியிலேயே நிறுத்தி நடந்தேன்.
மகள் மச்சியின் மார்பில். கண் மூடி, அவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு.
"போத்தலக் கண்டாலே கத்துறா. கேட்டுட்டிருக்க ஏலல்ல."
"எத்தின தரம் குடுத்தீங்க?"
"எண்ணல்ல."
எங்கள் மார்க்கப்படி ஐந்து தரம் வயிறு நிறையக் கொடுத்தாலே அவர் பால்தாய். அவரின் ஒரு வயது மகன் அஸ்லம் இவளுக்கு நாநா, சொந்த அண்ணன் மாதிரி; கலியாணம் கூடாது. 'மாப்பிள்ளை' என்று இரண்டு வீடும் கேலி பண்ணியதெல்லாம் முடிந்தது. என்னைக் கேட்காமல் செய்யலாமா? கத்தினேன். மச்சி அழுதார்.
மகளை வாங்கி என் மார்பில் வைத்தேன். வயிறு நிறைந்திருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவ. 11, செவ்வாய்
வெயில். பூட்டு இன்னும் வாங்கவில்லை. விடியவும் போத்தலைத் துப்பினாள்; இன்னும் பதினெட்டு நாள்தான். மகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"எங்க பால்மா?" மச்சி கேட்டார், முகம் பார்க்காமல்.
"வேணாம். நான் போன பிறகும் உங்கட பாலையே குடுங்க."
சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.