அண்டா மூடி வட்டம்

நேற்று டில்லியிலிருந்து உனக்கு ஒரு கடிதம் வந்தது. உன் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்த தபால்காரர், தேரடி டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் நீட்டி, "பெர்சு, உன் தோஸ்து பேருக்கு வந்துகீது, வாங்கிக்கிறியா?" என்றார். நீ போய் நாற்பத்து மூன்று நாளாகிறது. நாடாளுமன்றத்துக்கு இப்போதுதான் உன் ஞாபகம் வந்திருக்கிறது.

நாம் உழைத்த ஆலையில் இன்று சுவர்தான் மிச்சம். உள்ளே கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கு மிச்சம் அந்தப் பி.எஃப். பென்ஷன். சிலிண்டர் வாங்கினால் மாத்திரைக்கு இல்லை, மாத்திரை வாங்கினால் சிலிண்டருக்கு இல்லை. "இத்த வாங்க க்யூல நிக்கறதுக்கே கேவலமா கீது மாமு" என்பாய். பென்ஷனை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கே மனுப் போடலாம், எந்தக் குடிமகனும் போடலாம் என்று எங்கேயோ கேட்டு வந்தவன் நீதான். அன்றைக்கே உன் வாயை அடைத்திருக்க வேண்டும் நான்.

மனுவை அழகாகத்தான் எழுதினேன். கையெழுத்தில்தான் கோட்டை விட்டோம். ஆலையில் இருந்தபோது நிர்வாகத்துக்கு எந்தப் புகார் கொடுத்தாலும் வட்டமாகத்தானே கையெழுத்துப் போடுவோம்? "மொத பேரு எவனுதோ, அவனத்தான் வூட்டுக்கு அனுப்புவான். வட்டமா போட்டா எவன்னு கண்டான்?" என்று டிபன் மூடியைக் கவிழ்த்துக் கோடு இழுப்பாய். பழக்கதோஷம், டில்லிக்கும் அதையே செய்தோம். அறுபது பேருக்கு டிபன் மூடி போதாது என்று உன் வீட்டு அண்டா மூடியைத் தூக்கி வந்தாய். சார்ட் பேப்பரில் சுற்றிச் சுற்றிக் கையெழுத்து. அதற்கு எம்.பி.யின் மேலொப்பம் வாங்க நான்கு நடை நடந்தோம். ஐந்து மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. முதல் மனுதாரர் யார் என்று குறிப்பிடவில்லையாம்.

நீ சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மனு எழுதியவன் நான் என்பதால் பேனாவை என்னிடம்தான் முதலில் நீட்டினாய். நான் வாங்கவில்லை. மகன் மணலியில் அரசாங்க எண்ணெய் ஆலையில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான், அப்பன் பெயர் முதலில் இருந்தால் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்றேன். "எனக்கு யாரு கீறா, கேட் பாஸ் புடுங்கறதுக்கு? நானே போட்றேன் மாமு" என்று போட்டாய். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறமும் விட்டார்களா? பாஸ்புக் நகல்களை இணைத்தோம், இணைப்பு எதுவும் கூடாது என்று திரும்பி வந்தது. நகல்களை எடுத்துவிட்டு அனுப்பினோம், எல்லோருடைய முகவரியும் முழுதாக இல்லை என்று திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிக்கொண்டு அறுபது வீட்டுப் படியும் ஏறினாய். அறுபதில் நான்கு பேர் அதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்தாவது நீ. பொறுத்தார் பூமி ஆள்வார் என்கிறார்கள். நீ பொறுத்தாய், பூமிக்குள் போனாய்.

நேற்று மனுவோடு திரும்பி வந்த கடிதத்தில், முதல் மனுதாரர் ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி கையொப்பமிட்டுப் பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும், அவரால் இயலாவிட்டால் வேறொருவர் அந்த இடத்தில் கையொப்பமிடலாம், தவறினால் மனு முடித்துவைக்கப்படும் என்று இருக்கிறது. சாயங்காலம் டீக்கடையில் எல்லோரையும் கூட்டினேன். யார் போடுவது என்று கேட்டதும் ஆளாளுக்குத் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில், நம்மோடு லேத்தில் நின்ற காதர் பாய் சொன்னார்: "அவரு கையெழுத்தயே நீ போட்டுடு. டில்லிக்காரனுக்கு இன்னா தெரியப் போவுது?"

செத்த பிறகும் உன்னையே முன்னால் தள்ளப் பார்க்கிறார்களே என்று கத்தினேன். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? செய்தித்தாள் ஓரத்தில் உன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. பின்னால் நின்றிருந்த என் மனைவி பார்த்துவிட்டாள். "உயிரோட கீறப்பயும் அவுரு, செத்தப்பறமும் அவுரா?" என்றாள். வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

இன்று காலை ஏழு பக்கத்திலும் என் பெயரை முதலில் எழுதிக் கையெழுத்திட்டேன். மகனிடம் சொன்னேன். "போடு நைனா, பாத்துக்கலாம்" என்றான். கேட் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். அடுத்த மாதம் அது அவன் கழுத்தில் இருக்குமா, தெரியாது. டீக்கடையில் உன் பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். அடிக்கவில்லை. பக்கத்தில் 'காலஞ்சென்றார்' என்று மட்டும் எழுதினேன். அதற்கும் ஒரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும், மறுபடி போடுகிறேன்.

உன் அண்டா மூடி என் வீட்டில்தான் இருக்கிறது. இனி அது தண்ணீர் மூட மட்டும்தான்.