காலியான மாத்திரை அட்டை

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். காய்ச்சல் விட்டதா? சாப்பாடு இறங்குகிறதா? நான் நலம்.

நோய் பிடித்த செல்லுக்குள் கைகோத்து நிற்கும் இரண்டு புரதங்களைப் பிரித்து, அந்தச் செல்லைச் சாகடிக்க எங்கள் ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறு செய்தோமல்லவா? சரிபார்க்க, அந்தப் புரதங்களே இல்லாத செல்களிலும் விட்டோம். சாகக் கூடாத அவையும் செத்துப்போயின. "அக்கா, நம்ம ஆளு கையைப் பிரிக்கல, கண்ணுல பட்டவனையெல்லாம் தீர்த்துட்டான்" என்றாள் கூட வேலை செய்பவள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் நீங்கள் போனில், "உன் மருந்துதான் வரப்போகுதேம்மா, இந்த மாத்திரை எதுக்கு?" என்றது மனதை அரிக்கிறது. என் மருந்து வர வருஷக்கணக்காகும், வராமலும் போகலாம். டாக்டர் கொடுத்ததை நிறுத்திவிடாதீர்கள், அப்பா. தினமும் மாத்திரை போட்டதும் அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். அட்டையைப் பிடித்திருக்கும் உங்கள் விரலும் அதில் தெரியட்டும்.

ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்