மூன்றாம் வரிசைச் சிரிப்பு

பர்பேங்க்,
நவம்பர் 4, புதன்கிழமை

அன்பு மகன் வென்டலுக்கு அம்மா எழுதுறது.

நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம், அப்பாவோட வலது முழங்காலைத் தவிர. நீ எப்படி இருக்கேன்னு கேட்கணும், ஆனா கேட்டா பதில் வரணுமே, நீதான் ஆறு வாரமா வாயைத் திறக்கலையே. போன் பண்ணா ஒரு பொம்பளை ஸ்பானிஷ்ல ஏதோ சொல்றா. அவகிட்டயே ரெண்டு தடவை உன்னைப் பத்தி விசாரிச்சுட்டேன், மூணாவது தடவைதான் பக்கத்து வீட்டு கன்சுவேலோ போனை வாங்கிக் கேட்டுட்டு, அடி பைத்தியமே அது மெஷின்னு சொன்னா. மெயில் போட்டா நீ திறக்காமலே தள்ளிடுவ. சிலியில அந்த மலை உச்சிக்குத் தபால் வர்றதே திருவிழா மாதிரின்னு நீ சொல்லியிருக்க, அதனால இதையாவது பிரிச்சுப் பார்ப்பேன்னு ஒரு நம்பிக்கை. தொப்பி போட்டுக்கறியா? அவ்வளவு உயரத்துல வெயில் தோலை உரிச்சுடும், டெலஸ்கோப்புக்கு மட்டும் கூரை போட்டா பத்தாது.

இங்க விசேஷம் ஒண்ணும் இல்ல. அப்பா இலை அள்ளுறேன்னு கூரை மேல ஏறினார், இறங்கத் தெரியாம ஒரு மணி நேரம் அங்கயே உட்கார்ந்திருந்தார், கேட்டா காத்து வாங்கினேன்னு சொல்றார். கன்சுவேலோ வீட்டு எலுமிச்சை இந்த வருஷம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, கூடை கூடையா கொண்டு வந்து தள்றா, வீடு முழுக்க எலுமிச்சை கேக் வாசனை. கேக்குன்னு எழுதினதுமே கை நின்னுடுச்சு. சரி, விஷயத்துக்கு வந்துடறேன்.

உன் மெயில்ல ரெண்டே வரி. அம்மா, அந்தச் சிரிப்பு உன்னோடது. அன்னிக்குக் கிச்சன்லயும் இதே சிரிப்புதான் கேட்டுச்சு. கீழே பேர்கூடப் போடலை. கூட வேலை பாக்குறவங்களோடயும் உன் மரிசோலோடயும் வழக்கம் போல உட்கார்ந்து நீ டிவியில ‘மேதாவிகள் மாடி’ சிரிப்புத் தொடர் பார்த்திருக்க, அதுல வர்ற மில்பர்னோட பிறந்தநாள் காட்சி வந்திருக்கு, இருநூறு பேர் சிரிக்கிற சத்தத்துக்கு மேல ஒரு சிரிப்பு தனியா எகிறியிருக்கு. அது நான்தான்டா. பழைய ட்ரக் குளிர்ல ஸ்டார்ட் ஆகுற மாதிரி சிரிக்கிறேன்னு உங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னவர், அதை வேற யாரோடதுன்னு நான் எப்படிச் சாதிக்க முடியும்?

பல் டாக்டர்கிட்ட வேலையை விட்டதுல இருந்து செவ்வாய்க்கிழமை ஆனா நானும் கன்சுவேலோவும் அந்தத் தொடரோட ஷூட்டிங்குல உட்கார்ந்து சிரிக்கப் போறது உனக்குத் தெரியும். டிக்கெட் இலவசம், நடுவுல ஒரு சாண்ட்விச் வேற தர்றாங்க. உள்ளே ஐஸ்பெட்டி மாதிரி குளிரும், அதுக்குத்தான் அந்தப் பூனை போட்ட ஸ்வெட்டர். காட்சிக்குக் காட்சி துணி மாத்தி செட்டு மாத்தி முடியறதுக்குள்ள ஜனங்க தூங்கிடாம இருக்க டெட்டின்னு ஒருத்தன் மைக்கோட சுத்தி வந்து பேச்சுக் கொடுப்பான், நல்லாப் பேசுறவங்களுக்கு சாக்லேட் தூக்கி எறிவான். அவனுக்கு என் சிரிப்பு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கூரையில இருந்து தொங்குற மைக்குக்கு நேர் கீழே, மூணாவது வரிசை பதினோராம் நம்பர் சீட்டு, அதுல வேற யாரையும் உட்கார விடமாட்டான். வெர்னாம்மா சிரிச்சாத்தான் கதை எழுதினவங்களுக்குச் சோறு இறங்கும்னு சொல்லுவான். எனக்கும் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப சொல்லப் போறது உனக்குத் தெரியாது. உட்கார்ந்துக்கோ. நீ எனக்குச் சிரிப்புக்கு மட்டும்தான் கணக்கு வச்சிருக்க, கதையையே கொடுத்தவ நான்தான்டா கண்ணு. மார்ச் மாசம் டெட்டி மைக்கைத் தூக்கிக்கிட்டு, யார் வீட்டுல ஒரு மில்பர்ன் இருக்கான்னு கேட்டான். நான் ரெண்டு கையையும் தூக்கிட்டேன். உன் பதினோராவது பிறந்தநாளைச் சொன்னேன். பதினேழு பேருக்கு நீ அழைப்பு எழுதினது, வாசல்ல நெரிசல் வரக்கூடாதுன்னு ஒவ்வொருத்தருக்கும் மூணு நிமிஷம் தள்ளித் தள்ளி நேரம் போட்டது, கடைசியில வந்தது எதிர்வீட்டு லாயிட் ஒருத்தன் மட்டும்தான், அவனும் சீக்கிரம் வந்துட்டான்னு அவன் நேரம் வர்ற வரைக்கும் பதினெட்டு நிமிஷம் அவனை நீ வாசல்லயே நிக்க வச்சது, அப்புறம் கேக்கை, கூப்பிட்ட பதினேழு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணுன்னு, பாகைமானி வச்சு வெட்டினது, எல்லாத்தையும் சொன்னேன். ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மூணு சாக்லேட் கிடைச்சுது. எழுதறவங்க மேல ஒரு கண்ணாடி அறையில உட்கார்ந்து எல்லாத்தையும் காதுல போட்டுக்கறாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. ஆகஸ்ட்ல போய் உட்கார்ந்தா, மேடையில மில்பர்ன் கையில பாகைமானி! எங்க வீட்டுக் கதைடின்னு கன்சுவேலோ விலாவுல இடிச்சேன் பாரு, அவளுக்கு ரெண்டு நாள் வலிச்சுதாம். அப்ப வந்த சிரிப்புதான் நீ கேட்டது. பெருமையில சிரிச்சேன்டா. என் மகன் டிவியில வர்றான்னு சிரிச்சேன். யாரைப் பார்த்து யார் சிரிக்கிறாங்கன்னு யோசிக்கிற புத்தி அந்த நேரம் வேலை செய்யலை.

அதுலயும் ஒழுங்கா எடுத்தாங்களா? பதினேழு துண்டை அவங்க பதினெட்டாக்கிட்டாங்க. பதினெட்டுன்னா துண்டுக்கு இருபது டிகிரி, எந்தக் கழுதையும் வெட்டிடும். பதினேழுன்னாத்தானே இருபத்தொண்ணும் கொசுறும் வரும், அந்தக் கொசுறுக்குத்தானே நீ அரை நாள் பென்சிலைக் கடிச்ச! ஒவ்வொரு தடவை எடுக்கிறப்பவும் புதுக் கேக்கு, வெட்டி வைக்கிற செட்டு ஆள் கண்ணளவுல வெட்டினான், நான் சீட்டுல இருந்து எண்ணினேன், ஒரு கேக்குல பத்தொன்பது. மில்பர்னா நடிக்கிற பையன் சினிமா ஹீரோ மாதிரி இருக்கான், பாகைமானியைத் தலைகீழாப் பிடிச்சிருந்தான். படிப்ஸுன்னா இவங்களுக்குப் பேன்ட் கணுக்காலுக்கு மேல ஏறியிருக்கணும், மூக்குல மருந்து உறிஞ்சணும், பொண்ணைப் பார்த்தா மயக்கம் போடணும். நாலு பேர் விஞ்ஞானிகளாம், மூணு வருஷமா ஒருத்தன்கூட வேலைக்குப் போய் நான் பார்க்கலை, சோபாவை விட்டு எழுந்தாத்தானே. போர்டுல இருக்கிற கணக்கு மட்டும் நிஜம், அதுக்குன்னு ஒரு ப்ரொபசர் வந்து எழுதிட்டுப் போறார், பாவம், அவரைப் பார்த்து யாரும் சிரிக்கிறதில்ல. இதெல்லாம் எனக்கு மூணு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சேன். உன்னைத்தான் இப்படி வரையறாங்கன்னு உறைக்கலை, ஏன்னா நீ எனக்கு வென்டல், படிப்ஸ் இல்ல.

உன் மெயில் வந்தப்புறம் அஞ்சு செவ்வாய் நான் போகலை. போன வாரம் டெட்டியே போன் பண்ணி, வெர்னாம்மா கட்டாயம் வந்தே ஆகணும், உங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்குன்னான். வாயைத் திறக்கிறதில்லைன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் நேத்துப் போனேன். கதை என்னன்னா, மில்பர்னோட அம்மா ஊர்ல இருந்து வர்றா. கதவு திறந்தது. பூனை ஸ்வெட்டர்! பூனைக்குக் கண்ணுக்குப் பதிலா பட்டன், என்னுது மாதிரியே ஒரு பட்டன் தொங்குது. அவ இன்னும் ஒரு வார்த்தை பேசலை, இருநூறு பேரும் சிரிக்கிறாங்க. அப்புறம் அவ சிரிச்சா. ட்ரக்கு. அதே ட்ரக்கு! கன்சுவேலோ என் தொடையிலயே படார் படார்னு அடிச்சு, ஐயோ வெர்னா இது நீயேதான்டின்னு கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறா, முப்பது வருஷ சிநேகிதி, எலுமிச்சங்காய் கொடுத்த கை.

அந்த அம்மாக்காரி பீட்சா கொண்டு வந்தவனை நிறுத்தி வச்சு மகன் கதையைச் சொல்றா, சிங்க் அடைப்பு எடுக்க வந்தவன்கிட்ட சொல்றா, தப்பான வீட்டுக் கதவைத் தட்டினவனைக்கூட உள்ளே கூப்பிட்டுச் சொல்றா. மில்பர்ன் பின்னாடி நின்னு தரையைப் பார்க்கிறான். பாகைமானி பிடிக்கத் தெரியாத அந்தப் பையனுக்குத் தரையைப் பார்க்க மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு. எனக்குக் காது ரெண்டும் எரிஞ்சுது. ஸ்வெட்டரைக் கழட்டிடலாம்னு பார்த்தேன், உள்ளே போட்டிருந்ததுலயும் பூனை. சரி ஒரு தடவை தானேன்னு பல்லைக் கடிச்சேன், லைட்டு சரியில்லைன்னு ரெண்டாந்தடவை எடுத்தாங்க, அப்புறம் மூணாந்தடவை. மூணு தடவையும் ஜனங்களுக்கு அதே சிரிப்பு. எனக்கு ஒரு சாயங்காலம், நீ ஸ்கூல் முழுக்க இப்படித்தானே இருந்திருப்ப?

முடிஞ்சதும் டெட்டி ஓடி வந்து, நிஜ அம்மா இங்கதான் இருக்காங்கன்னு அறிவிச்சு என்னை எழுப்பி நிறுத்தி மைக்கைக் கொடுத்தான். எல்லாரும் கை தட்டுறாங்க. உங்க மகன் பேரென்ன, இப்ப என்ன பண்றார், இன்னொரு கதை சொல்லுங்கன்னு கேட்கிறான். உன் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. நட்சத்திரம் ஆராய்ச்சி பண்றான், சிலியில இருக்கான், அவனுக்கு மரிசோல்னு ஒரு பொண்ணு, எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. மைக்கைத் திருப்பிக் கொடுத்துட்டு உட்கார்ந்துட்டேன். பொறந்ததுல இருந்து நான் கிடைச்ச மைக்கைப் பேசாம திருப்பிக் கொடுத்தது இதுதான் முதல் தடவைன்னு கன்சுவேலோ பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்றா. டெட்டி ஒரு சாக்லேட் எறிஞ்சான், நான் அதைத் திருப்பி எறிஞ்சேன், முன்வரிசை வழுக்கைத் தலையில போய் விழுந்துச்சு, அதுக்கும் சிரிச்சாங்க, இவங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது. வெளியே வர்றப்ப எழுதற பொண்ணு ஒருத்தி நோட்டோட வந்து, இன்னும் கதை இருக்கா மேடம்னு கேட்டா. நூறு இருக்கும்மா, ஆனா அதெல்லாம் என்னோடது இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அந்த எபிசோடு நன்றி நாளுக்கு முந்தின வாரம் வருது. நீ பார்க்கணும். உன் ஆளுங்க எல்லாரையும் கூட்டி வச்சுப் பாரு, அந்த ஸ்வெட்டர் என் அம்மாவோடதுன்னு சொல்லு, என்னைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரி. உனக்கு வர வேண்டிய பாக்கி அது.

மத்தபடி, நன்றி நாள் விருந்துக்கு நீயும் மரிசோலும் வர்றதா ஆகஸ்ட்ல சொன்னீங்க, இப்ப வருவியா மாட்டியான்னு நான் கேட்கப் போறதில்ல. வான்கோழி சொல்லியாச்சு, பதினஞ்சு பவுண்டு, நீ வரலைன்னா நானும் அப்பாவும் கிறிஸ்துமஸ் வரைக்கும் அதையே தின்னுவோம், அதைப் பத்தி நீ கவலைப்படாதே. மரிசோலுக்கு என்ன பிடிக்கும், எது ஒத்துக்காதுன்னு மட்டும் எழுது. உன் ரூமுக்குப் புதுப் போர்வை போட்டிருக்கேன். உன் பழைய படம் எதையும் அவகிட்ட காட்ட மாட்டேன், உன்னைக் கேட்காம.

கிச்சன் விஷயத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. ஆமா, அன்னிக்குச் சிரிச்சது நான்தான். லாயிட் வாசல்ல வாட்சைப் பார்த்துக்கிட்டே நின்னதை நினைச்சு, கைத்துண்டால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். உனக்குக் கேட்காதுன்னு நினைச்சேன். நீ அழலை, பாகைமானியை வச்சுக்கிட்டு மும்முரமா இருந்த, அழாத பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லன்னு நினைச்சுட்டேன். இருபத்திரண்டு வருஷமா இந்தக் கதையை மளிகைக் கடையில சொல்லியிருக்கேன், சர்ச்சுல சொல்லியிருக்கேன், பல்லைப் பிடுங்க வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்தவங்ககிட்டகூடச் சொல்லியிருக்கேன். உன்கிட்ட மட்டும் ஒரு நாளும் கேட்டதில்ல. இப்பக் கேட்கிறேன்டா. பதினாறு துண்டு கேக்கு மிச்சமா முன்னாடி இருந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு? நீ சொல்லு. போன்ல சொன்னாலும் சரி, நேர்ல சொன்னாலும் சரி. நான் குறுக்கே பேச மாட்டேன்.

கடவுள் உன்னையும் அந்தப் பொண்ணையும் நல்லா வச்சிருக்கட்டும், நீ தேடுற நட்சத்திரமெல்லாம் தேடின இடத்துலயே கிடைக்கட்டும். தொப்பியை மறக்காதே.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா, வெர்னா

கடிதத்தை அப்பா வாங்கிப் படிச்சார், ரெண்டு தடவை. பேனாவைக் கொடுன்னார். கீழே இருக்கிறது அவர் கையெழுத்து.

வென்டல், அன்னிக்குக் கிச்சன்ல நானும் இருந்தேன். நானும் சிரிச்சேன். உங்கம்மா சிரிப்பு பெருசுங்கறதால இத்தனை வருஷம் நான் தப்பிச்சுட்டேன். மன்னிச்சுக்கோப்பா.