தூரத்துக் கூட்டம்

செவ்வாய், ஜூலை 8

தென் அமெரிக்கக் காட்டில் பதிவானதை ஹெட்போனில் கேட்டு, ஊளைக்குரங்கு கத்தினால் ‘குரங்கு’, மற்ற இரைச்சலெல்லாம் ‘நாய்ஸ்’ என்று குறிப்பதுதான் ஆபீஸில் என் வேலை. விடியற்காலைப் பதிவுகளில் ஒரு கூட்டம் கத்தும், தூரத்துக் கூட்டம் பதில் கொடுக்கும். இன்று கேட்டதில் நடுவே மரம் அறுக்கும் மெஷின் ஓடியது. டீம் லீடரிடம் கேட்டேன்.

“மெஷின்தானே மேரி, நாய்ஸ்னு போட்டுடுங்க” என்றார். போட்டேன்.

அதற்கடுத்த பதிவுகளில் மெஷின் இல்லை. கிட்டத்துக் கூட்டம் கத்திவிட்டு நிறுத்தியது, மறுபடி கத்தியது. தூரத்திலிருந்து பதிலே வரவில்லை. அதைக் குறிக்கப் பட்டன் கிடையாது.

மர்பி டவுனில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். எப்போதும் இரண்டு மூன்று தடவை கூப்பிட வைப்பேன். இன்று முதல் தடவையே “வரேம்மா” என்றேன்.

“ஏன்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.