செருப்பில் குறையில்லை

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

நலம். உன் நலத்தையும் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் உன் வீட்டுக்காரர் அடித்திருக்கும் நோட்டீசைப் பார்த்த பிறகு எனக்குக் கை வரவில்லை. பேண்ட் நீளம் குறைக்க வந்தவர் அதை என் மேசையில் வைத்து, "இது நீங்கதானே?" என்று கேட்டார். நான்தான். உன் கல்யாணத்தில் எடுத்த படம், பக்கத்தில் நின்ற உன்னை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டிருக்கிறார். கீழே, எங்கள் எண்ணெயால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வலி பறந்தது என்று நான் சொன்னதாக ஒரு வரி. அந்த எண்ணெயை நான் ஒரே ஒரு தடவை தொட்டேன், தையல் மெஷினுக்குப் போட. மெஷினுக்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை.

செல்போன் உறை விற்றார், ஓடவில்லை. மெத்தை விற்றார், அதுவும் ஓடவில்லை. இப்போது ஒரு மாடியைப் பிடித்து "மாத்திரை இல்லா வாழ்வு மையம்" என்று போர்டு மாட்டிவிட்டார். நாலு மெத்தை விற்றதில் மனிதர்களின் முதுகெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது.

என் சயாட்டிகா, இடுப்பு நரம்பு வலி, எப்படி அடங்கியது என்று அவருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரிய வேண்டும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதால் டாக்டரே நிறுத்தச் சொன்னார். பிசியோதெரபி அம்மா, "உக்காந்தே இருக்காதீங்க, அடிக்கடி எழுந்து நடங்க" என்றார். தைக்க உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்கத் தோன்றாது. அதனால் பாபினில் பாதி நூல்தான் சுற்றுகிறேன். சீக்கிரம் தீர்ந்துவிடும். மற்ற பாபின்களை வாசல் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எடுக்கப் போகும்போது அப்படியே தெருமுனை வரை நடந்துவிட்டு வருவேன். காலையில் அந்த அம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சி, படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. அவ்வளவுதான். வலி பறக்கவில்லை. இப்போதும் வரும், வந்தால் என்ன செய்வது என்று தெரியும். இதைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது, அதனால் அவருக்கு இது வைத்தியமாகப் படாது.

என் படத்தை எடுக்கச் சொல். புது ஹால் திறப்பு விழாவில் நான் பேச வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இதுதான் பதில்.

பெரியவள்


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். இனிமேலும் பள்ளி முகவரிக்கே எழுது. என் போன் நம்பர் மையத்து நம்பராகி, போனே அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

அவரை இவ்வளவு கேவலமாக எழுதியிருக்க வேண்டாம். உன்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் படத்தைப் போட்டார். நாலு பேர் அவர் பேச்சை உட்கார்ந்து கேட்பது இப்போதுதான். வீட்டில் சிரித்த முகமாக வளைய வருகிறார். எனக்கு அது போதும்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். குழந்தைகள் படுத்துகிறார்கள். சின்ன நாற்காலியில் குனிந்து குனிந்து எனக்கும் இடது காலில் வலி வந்துவிட்டது. உனக்கு வந்த அதே வலிதான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், வாழ்நாளில் மாத்திரையே தொடாதவள் என்று என்னைத்தான் மேடையில் நிறுத்துகிறார். அதனால் வாங்கிய வலி மாத்திரையைச் சாக்பீஸ் டப்பாவில் வைத்திருக்கிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

இன்னொரு கூத்து கேள். இடது கால் செருப்பு நான் அறியாமலே கழன்று விழுந்துவிடுகிறது. வராந்தாவில் ஒரு வாண்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "டீச்சர், உங்க செருப்பு" என்றது. புதுச் செருப்பு வாங்கினேன், அதுவும் அப்படியே. இப்போது வருகிற செருப்பெல்லாம் தரமே இல்லை.

விழாவுக்கு வாயேன். பேச வேண்டாம், சும்மா வா.

உன் சின்னவள்


பிப்ரவரி 15

சின்னவளே,

நான் சிரிக்கவில்லை. செருப்பில் குறையில்லை. குதிகாலில் நின்று பார். இடது பாதத்தின் முன்பகுதி தரையை விட்டு எழும்புகிறதா? கட்டைவிரலை மேலே தூக்க வருகிறதா? வராது என்றுதான் நினைக்கிறேன். பாதம் எழும்பாததால்தான் செருப்பு கழன்று விழுகிறது.

என்னை முதல் நாள் பார்த்தபோதே பிசியோதெரபி அம்மா சொல்லிவிட்டார். "வலியை நடந்தே சமாளிக்கலாம். பாதம் தூக்க வரலைன்னா நம்ம பயிற்சி வேலைக்கு ஆகாது, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றார். நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, தள்ளிப்போட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று அர்த்தம். என் பாதி பாபினும் தலையணையும் உனக்கு உதவாது. உன் வீட்டுக்காரரின் எண்ணெய் கதவுக் கீலுக்குக்கூட உதவாது.

அந்த மனிதர் சிரித்த முகமாக வளைய வர உன் காலையே பலி கொடுக்க வேண்டுமா? மாத்திரை தொடாதவள் என்று மேடையில் நிற்கிறாய், மேடைக்குப் பின்னால் சாக்பீஸ் டப்பாவைத் திறக்கிறாய். அவர் ஊரை ஏமாற்றுகிறார். நீ அவருக்காக உன்னையே ஏமாற்றிக்கொள்கிறாய். இரண்டில் எது பெரிய மடத்தனம் என்று எனக்குப் பிடிபடவில்லை. எரிச்சலாக வருகிறது, அதைவிடப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு லீவு சொல்லிக் கிளம்பு.

பெரியவள்


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

நின்று பார்த்தேன். நீ சொன்னது சரிதான், இடது பாதம் எழும்பவில்லை. அன்றே அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். என் பாதத்தை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக் கொடுத்தார். பிறகு, "விழா முடியட்டும்மா, முடிஞ்ச மறுநாளே வெளியூர்ல யார்கிட்டயாவது காட்டிடலாம். இங்க ஆஸ்பத்திரி வாசல்ல உன்னை யாராவது பாத்தா என் பொழப்பு என்னாகும்?" என்றார்.

மறுநாள் ஒரு ஷூ வாங்கி வந்தார். நாடா வைத்தது. இறுக்கிக் கட்டினால் கழன்று விழாது, மேடையிலும் தெரியாது என்று அவரே கட்டிவிட்டார். உண்மையிலேயே கழலவில்லை.

இன்னும் ஒரு வாரம்தானே அக்கா. அதற்குள் என்ன ஆகிவிடும்? உன்னைச் சமாதானப்படுத்த எழுதுகிறேனா, என்னையா என்று தெரியவில்லை. திட்டி எழுதாதே.

சின்னவள்


பிப்ரவரி 23

சின்னவளே,

திட்டு வாங்குவதற்கும் ஒரு தகுதி வேண்டும். பெண்டாட்டி கால் செத்துக்கொண்டிருக்கும்போது கடைக்குப் போய் அளவு பார்த்து ஷூ வாங்குகிற மனிதருக்கு அது கிடையாது. நல்ல ரசனை, நல்ல நாடா. மடியில் வைத்துத் தடவினாராம். விற்காத மெத்தையையும் இப்படித்தான் தடவியிருப்பார்.

ஞாயிறு, விழா அன்று காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு உன் வீட்டு வாசலில் நிற்பேன். நீ ஏறினால் நேராக ஆஸ்பத்திரிக்கு. ஏறாவிட்டால் அவர் ஆசைப்பட்டபடியே மேடையில் ஏறிப் பேசுகிறேன். என் படத்தைப் பார்த்து வந்த ஜனங்களுக்கு என் வாயாலேயே கேட்க உரிமை இருக்கிறது. பிறகு நீ என் முகத்தில் விழிக்கவே மாட்டாய் என்றாலும் பரவாயில்லை. கோபித்துக்கொண்டு நடந்து போக உனக்கு இரண்டு கால் வேண்டும்.

பெரியவள்


பிப்ரவரி 25

அக்கா,

பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகன் உன் ஊர்ப் பக்கம் வருகிறான். இதை அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. பள்ளியிலிருந்து நேராகப் பஸ் ஏறி, நானே ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிட்டேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிதான், வெளியூர் இல்லை. எக்ஸ்ரே மாதிரி குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். நரம்பை முதுகெலும்பு வட்டு ஒன்று அழுத்திக்கொண்டிருக்கிறது, நாளைக் காலை ஆபரேஷன். பாதம் பழையபடி எழும்புமா என்று கேட்டதற்கு டாக்டர், "முன்னாடியே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

நேற்றுச் சாயங்காலம் பள்ளியில் விசாரித்துக்கொண்டு அவர் வந்தார். வார்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார், மருந்து வாடை சட்டையில் ஒட்டிவிடும் என்பதுபோல. கையசைத்துக் கூப்பிட்டேன். அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "நீ யாருன்னு இங்க யார்கிட்டயும் சொல்லலையே?" என்று கேட்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகிறார் என்று நான் பதில் சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவ்வளவு அசடு நான்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றேன். பொய்தான். அவர் போன வேகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் அம்மா, "யாரும்மா அது, கடன்காரனா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பில் சுரீர் என்கிறது, ஆனாலும் சிரித்தேன்.

ராத்திரி நர்ஸ் வந்து, ஆபரேஷன் முடிந்து எந்த வீட்டுக்குப் போவேன் என்று கேட்டார். உன் முகவரியைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நேரில் வந்து திட்டு.

சின்னவள்