தண்ணியில் கரையும் உறை

புரட்டாசி 3, வியாழன்

விடியலிலிருந்தே மூடுபனி. எதிர்க்கடை போர்டு தெரியவில்லை. தீப்பெட்டியெல்லாம் நமுத்துப்போய், குச்சி குச்சியாகக் கிழித்தும் பற்றவில்லை. உப்புச் சாடியில் தண்ணீர். சேலத்துக்குச் சொல்ல வேண்டியது: தீப்பெட்டி, ஊதுபத்தி, தே. எண்ணெய் சின்ன பாட்டில், குரங்குக் குல்லாய் (டூரிஸ்டுகளுக்கு).

முதல் பஸ்ஸில் ஏஜெண்ட் வந்தார். சாம்பிள் என்று ஓர் அட்டைப்பெட்டி. பெண்கள் மாதாமாதம் உபயோகிக்கிற நாப்கின். பெங்களூரில் புதுக் கம்பெனியாம். விசேஷம் உள்ளே இருப்பதில் இல்லை, ஒவ்வொன்றுக்கும் போட்டிருக்கிற உறையில். பார்க்க பிளாஸ்டிக் மாதிரியே. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்கிறார். நான் சிரித்தேன்.

"நம்ப மாட்டேங்கறீங்களேங்ணா. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

கொடுத்தேன். என் காப்பி டம்ளர். உறையைக் கிழித்துப் போட்டு விரலாலேயே கலக்கினார். முதலில் கஞ்சித்தண்ணி மாதிரி கொழகொழப்பு. அப்புறம் ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா? சாக்கடையில அடைக்காது. யாரு கண்ணுலயும் படாது."

எங்கே போனது? இருக்கிறதா, இல்லையா? டம்ளரைக் கழுவுவதா எறிவதா என்று அரை மணி நேரம். கழுவினேன். பிறகு எறிந்தேன். நல்ல டம்ளர்.

நடுவில் ஓர் அம்மா சோப்பு கேட்டு வந்தார். ஏஜெண்ட் சட்டென்று பெட்டிமேல் பேப்பரைப் போட்டார். அதே நேரத்தில் நானும் போட்டேன். ஒரு பெட்டிக்கு இரண்டு நியூஸ் பேப்பர்.

புரட்டாசி 4, வெள்ளி

மழை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். செல்வியின் கிளாஸ் டீச்சர்.

"மாசாமாசம் சேர்ந்தாப்புல லீவு போடறா உங்க பொண்ணு. இப்படியே போனா பத்தாவது எழுத உட மாட்டாங்க. திங்கக்கிழமை கணக்குப் பரிட்சை. அதுக்காச்சும் அனுப்பி வையுங்க."

வயிற்றுவலி என்றேன். அவர் கூரையைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். எப்படிக் கேட்பது? அவள் அம்மா தவறியபோது செல்வி அஞ்சாவது. சாப்பிட்டியா, படிச்சியா என்பதைத் தாண்டி அவளிடம் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. "ஏங் கண்ணு, பள்ளிக்கூடத்துல எதாச்சும்..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன்.

வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் பெய்த மழையில் அங்கே சாக்கடை அடைத்துக்கொண்டது. குச்சி விட்டு இழுத்தபோது நாப்கின் உறைகளாக வந்தன. பெரிய பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து யாருது என்று கேட்டிருக்கிறார்கள். ஓர் உறையில் நம் கடை விலைச்சீட்டு.

"எல்லாரும் என்னையவே பாத்தாங்கப்பா. ஆரும் ஒண்ணும் சொல்லல."

நம் கடையில் எத்தனையோ பேர் வாங்குகிறார்கள். யாருடையதோ. ஆனால் சீட்டில் இருப்பது இவள் அப்பன் கடைப் பெயர். அன்றிலிருந்துதான் அந்த நாட்களில் போவதில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று யோசித்தால் பிடிபடவில்லை. குச்சி விட்டவன்மேலா? டீச்சர்மேலா? சீட்டு ஒட்டுகிறவன் நான்தானே.

ஏஜெண்ட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஓர் உறையைப் போட்டுக் காட்டினேன். விரலை விட்டுத் துழாவினாள்.

"ஒண்ணுமே இல்லீங்கப்பா!"

சிரித்தாள். இவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று. திங்கள் போவதாகச் சொன்னாள்.

சாயங்காலம் பார்த்தால் மேலே இருந்த உறைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஈரக்காற்று. காய்ந்த இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார் ஏஜெண்ட். இந்த மலையில் புரட்டாசியில் காய்ந்த இடத்துக்கு எங்கே போவது? பாய் ஈரம், டிரங்குப் பெட்டி ஈரம். விளக்கு அணையாமல் எரிவதால் சாமி அலமாரி ஒன்றுதான் காய்ந்து கிடக்கிறது. கீழ்த்தட்டில், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தப்பில்லை என்று தோன்றியது. தப்பு என்றும் தோன்றியது. வைத்தது வைத்ததாகவே இருக்கட்டும்.

புரட்டாசி 5, சனி

குப்பனூரிலிருந்து பெரியக்கா. முதல் சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போட. என் சம்சாரம் போனதிலிருந்து விசேஷ நாளென்றால் அக்காதான் வந்து பார்த்துக்கொள்கிறாள். பை நிறையக் கறிவேப்பிலை, வாய் நிறைய மகன் முருகேசன் பேச்சு.

"பத்தாவது படிச்சு என்ன பண்ணப்போறா? முருகேசன் லாரி எடுத்துட்டான். தையில வெச்சுக்கலாம். நொம்ப யோசிக்காத சாமி."

பார்க்கலாம் என்றேன். சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ஆளை அனுப்புவது கடைக்காரன் புத்தி. அக்காவிடம் செல்லாது.

கற்பூரம் எடுக்க அலமாரியைத் திறந்தாள். அலறல்.

"பெருமாள் படத்துக்குக் கீழயாடா இத வெப்பே!"

நான் எழுவதற்குள் சொம்பில் மஞ்சத்தண்ணி, மாவிலை. தெளித்தால் போதாதா? அக்காவுக்குப் போதாது. அலமாரிக்கு, தரைக்கு, எனக்கு, கடைசியில் சொம்போடு பெட்டிக்குள்.

"அக்கா, ஊத்தாதக்கா! கரைஞ்சுரும்!"

"கரையட்டும்! தீட்டு கரையத்தான் ஊத்தறேன்!"

பெட்டிக்குள் மஞ்சள் கூழ். உறை என்று ஒன்று இல்லை. பஞ்செல்லாம் ஊறி உப்பிக் கிடக்கிறது. கண்ணாடிக்குள் பெருமாள் மட்டும் நனையவில்லை.

அக்கா செய்தது தப்பா? இந்த மாசத்தில் எந்த ஊட்டிலும் செய்வதுதான். வேறு ஊட்டில் நான் இதைப் பார்த்திருந்தால் நானே சொம்பை எடுத்துக் கொடுத்திருப்பேன். அப்புறம் எதற்கு எனக்கு அழுகை வருகிறது என்று தெரியவில்லை.

செல்வி ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். தரையைத் துடைத்தாள். தளிகைச் சோறு யாருக்கும் இறங்கவில்லை, அக்காவுக்குத் தவிர.

புரட்டாசி 6, ஞாயிறு

மழை விடவில்லை. செல்வி பின்னறையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். தனிப் பாய், தனித் தட்டு. அக்கா ஏற்பாடு. மடியில் கணக்குப் புத்தகம். அதைத் தொட்டால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாளாம். செல்வி கீழே வைக்கவில்லை.

அக்கா முடிவே செய்துவிட்டாள். நாளை மத்தியான பஸ்ஸில் செல்வியைக் கூட்டிப் போகிறாளாம். தை வரைக்கும் குப்பனூரில் இருக்கட்டுமாம். "என்னடா சொல்றே?" நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன். கோழை. சோப்பு கேட்டவருக்குப் பல்பொடி எடுத்துக் கொடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்:

"நான் பரிட்சைக்குப் போவேனுங்கத்தை."

"எத வெச்சுட்டுப் போவே? அதான் எல்லாம் போச்சே."

பழைய பிளாஸ்டிக் உறைப் பாக்கெட்டுகள் என் தலைக்கு நேர்மேலே ஒரு தட்டு நிறைய. எடுத்துக் கொடுக்கலாம். உறையை என்ன செய்வாள்? மறுபடி சாக்கடை, மறுபடி வரிசை. உறை கரைந்தால் நல்லது என்றார்கள், கரைந்தது, இப்போது எல்லாமே போகிறது. மண்டை காய்கிறது.

புரட்டாசி 7, திங்கள்

மூடுபனி. கடை வாசலில் சேலம் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். கிளியூர் எஸ்டேட் பொம்பளைகள், ஓட்டல் ரூம்பையன்கள், பீடி கேட்டு ஒருத்தர்.

செல்வி வந்தாள். பின்கட்டு வழியாக இல்லை, தெரு வழியாக. யூனிஃபார்ம், படிய வாரிய தலை. பின்னாலேயே அக்கா, "உள்ள வாடி" என்று. செல்வி கல்லாவுக்கு வெளியே, வாங்க வந்தவர்களோடு நின்றாள்.

"அப்பா, நாப்கின் ஒரு பாக்கெட் எடுங்க."

மெதுவாகக் கேட்கவில்லை. பீடிக்காரர் காலண்டரைப் பார்த்தார். எடுத்தேன். கை தானாகப் பேப்பருக்குப் போயிற்று.

"பேப்பர் வேண்டாங்க."

அங்கேயே பாக்கெட்டைப் பிரித்தாள். வேண்டியதை எடுத்து ஒவ்வொன்றிலும் உறையை உரித்து மிட்டாய் பாட்டில் பக்கத்தில் வைத்தாள். உறையில்லாத நாப்கின்களைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டாள்.

"உறை இங்கயே இருக்கட்டுங்கப்பா. அங்க கொண்டுபோனாத்தானே வம்பு."

இவ்வளவுதானா? அப்படியானால் பெங்களூர் கம்பெனி எதற்கு? கிளியூர் அம்மா ஒருத்தி, "நேரமாச்சு பாரு கண்ணு, ஓடு" என்றாள். மற்றவர்கள் பஸ் வருகிற திசையைப் பார்த்தார்கள்.

"மரமாட்டம் நிக்கறியேடா! கூப்புடு அவள!" என்று அக்கா.

வாயைத் திறந்தேன். திரும்பி வா என்று சொல்லத்தான் திறந்தேனா, இப்போதும் தெரியவில்லை.

"பேனா எடுத்துக்கிட்டியா கண்ணு?"

"ரெண்டு இருக்குதுங்கப்பா."

ஏரி ரோட்டில் இறங்கிப் போய்விட்டாள்.

மத்தியான பஸ்ஸில் அக்கா தனியாகப் போனாள். ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தேன்.